கதவுக்குள் தெரிந்த பூட்ஸ்

டண்டினொங்
3 ஜூன் 2025

முரளி அண்ணா,

நீங்கள் அந்தப் படத்தை முழுதாகப் பார்க்கவில்லை.

நம் திரைப்பட வட்டத்தின் இணையப் பக்கத்தில், பார்வையாளர் கருத்துகள் பகுதிக்கு நீங்கள் சிட்னியிலிருந்து அனுப்பியதை வாசித்தேன். "கிழவர் இளம் ஷெரீப்புக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போகிறார். திரும்பிப் பார்க்கவில்லை. விலகிப்போவதுதான் ஒரு நல்ல ஆசானின் கடைசிப் பாடம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அழகான வசனம். பொய்.

ஞாயிற்றுக்கிழமை டண்டினொங் மண்டபத்தில் மறுபடியும் அதைப் போட்டார்கள். நீங்கள் இங்கே இருந்தபோது மூன்று தடவை போட்டீர்கள். மூன்று தடவையும் எனக்கு ஞாயிறு ஷிப்ட். இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். கோவேறு கழுதை விற்க வரும் ஒரு முன்னாள் ஷெரீப். மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு புது ஷெரீப். யாரோ எரித்த களஞ்சியத்துக்காக ஓர் அப்பாவியைச் சிறையில் வைத்திருக்கிறார்கள், ஊர் அவனைத் தூக்கில் போடக் கேட்கிறது. கிழவர் போகிறார், சரி. ஆனால் திரும்பி வருகிறார். நடுத்தெருவில் இறங்கி, எல்லோருக்கும் முன்னால், "எரித்தவனை நான் பார்த்தேன்" என்று சொல்கிறார். சொன்னதற்காகக் காலில் துப்பாக்கிச் சூடும் வாங்குகிறார். அதுதான் படம். அதை விட்டுவிட்டு நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?

நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் ஒப்பீஸ் கடிதம் என்று நினைத்து இரண்டு வரியில் முடித்துவிடுவீர்கள்.

உங்களுக்குச் செய்தி வந்திருக்கும். நம் கிடங்கின் அந்தக் குளிரறைக் கதவு அருந்தவன்மேல் இறங்கிவிட்டது. சரக்குத் தட்டோடு பலட் ஜாக்கை இழுத்துக்கொண்டு வந்தவனை சென்சர் காணவில்லை. அதன் கண்ணில் எப்போதும் போல ஐஸ் பிடித்திருந்தது. மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. நான் அந்தக் கதவு வழியாக நடக்கும் வேலையை நிறுத்தினேன். பாதுகாப்புப் பிரதிநிதிக்கு அந்த உரிமை இருக்கிறது என்று சொல்லித்தந்தவர் நீங்கள். இப்போது மனேஜர், அந்தக் கதவைப் பற்றி ஒருநாளும் ஒருவரும் முறையிட்டதில்லை, அருந்தவன்தான் அவசரப்பட்டு ஓடினான் என்கிறார். அப்படியே முடிவானால் ஆள் அனுப்பும் கம்பெனி அவனை இனி வேலைக்குக் கூப்பிடாது. அவன் அகதியாகப் படகில் வந்தவன், அண்ணா. விசா புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் வேலை செய்கிறான் என்று காட்டவேண்டியவன்.

"கதவைப் பத்தி நான் மேனேஜர்கிட்டச் சொல்லிட்டேன், பாத்துக்குவார்" என்று நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். நீங்கள் அவரிடம் சொன்னதை நான் கேட்கவில்லை. கேட்டது அவரும் நீங்களும் மட்டும்தான். அவர் மறந்துவிட்டார்.

பெப்ரவரியில் கார் நிறுத்துமிடத்தில் பாதுகாப்புப் பிரதிநிதி போடும் உங்கள் பச்சை வெஸ்ட்டைக் கழற்றி என் தோளில் போட்டீர்கள். "நீ முன்னால நில்லு, நான் பின்னால நிக்கறேன்" என்றீர்கள். பின்னால் என்றால் இன்னொரு மாநிலம் என்று நான் நினைக்கவில்லை.

அரசாங்க இன்ஸ்பெக்டர் வரப்போகிறார். நீங்கள் அவரோடு பேசவேண்டும்.

வினுஷா

*

வென்ட்வொர்த்வில், சிட்னி
5 ஜூன் 2025

அன்புள்ள வினுஷாவுக்கு,

மூன்று முறை திரையிட்டவனைப் பார்த்து, படத்தை நீ பார்க்கவில்லை என்கிறாய். புரொஜெக்டர் வயரைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு ஓட்டியவன் நான். சிரித்தேன், கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

கடைசிக் காட்சி எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. புழுதித் தெரு. சிறைக்கு வெளியே அந்தப் பையன் மட்டும். தனியாக. நெஞ்சில் நட்சத்திரத்தைச் சரிசெய்துகொள்கிறான். அவனுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. கிழவர் திரும்பி வந்திருந்தால் அந்தக் காட்சிக்கு என்ன அர்த்தம்? நீ வேறு ஏதாவது படத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருப்பாய். குதிரைப் படமெல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

அருந்தவன் விஷயம் கேட்டு மனசு கனத்துவிட்டது. நல்ல பையன். நான் விசாரித்ததாகச் சொல். ஆனால் வினுஷா, இந்த நேரத்தில் நான் நடுவில் வந்தால் அது உனக்குத்தான் பலவீனம். 'பழைய ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறாள், தனியாக நிற்கத் தெரியவில்லை' என்பார்கள். படத்தில் கிழவர் சொல்வாரே, கூட்டத்தில் பாதிப்பேர் பக்கத்தில் நிற்பவன் நிற்கிறான் என்பதற்காக நிற்பவர்கள், முதலில் அவர்களிடம் பேசு என்று. அதைச் செய். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வியட்நாமியர்களிடம் பேசு. இரவு ஷிஃப்டில் இருக்கும் பஞ்சாபிப் பையன்களிடம் பேசு. அவர்களும் அந்தக் கதவைப் பார்த்தவர்கள்தானே?

இங்கே குளிர் பரவாயில்லை. வர்ஷா புதுப் பள்ளியில் இப்போதுதான் ஒட்டியிருக்கிறாள். நான் தமிழில் ஒன்று கேட்டால் ஆங்கிலத்தில் இரண்டு கேட்கிறாள்.

அன்புடன்,
முரளிதரன்

*

டண்டினொங்
7 ஜூன் 2025

முரளி அண்ணா,

கடைசிக் காட்சியில் பையன் தனியாக நிற்கவில்லை. அவனுக்குப் பின்னால் சிறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. கதவுக்குள் இரண்டு பூட்ஸ் தெரிகிறது. ஒன்றில் துணி சுற்றியிருக்கிறது. அது யாருடைய கால் என்று நினைத்தீர்கள்?

நீங்கள் எப்படி இதைத் தவறவிட்டீர்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை. சும்மா கோபத்தில் இல்லை, உண்மையாகவே அறிய ஆசையாக இருந்தது. இன்று கணக்குப் பார்க்கும் கூட்டத்துக்கு மண்டபத்துக்குப் போனபோது இரஞ்சிதம் அன்ரியிடம் கேட்டேன். அவ அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"உவர் எங்க பிள்ளை பாத்தவர்? இடைவேளை எண்டு லைட்டைப் போட்டிட்டுக் குசினிக்குள்ள போவார். தேத்தண்ணி, வடை, பிறகு அந்தப் பெரிய கேத்திலைக் கழுவுறது. ஆறு மணிக்கு மண்டபம் ஒப்படைக்க வேணுமெல்லே? படம் முடியேக்கதான் துவாயால கையைத் துடைச்சுக்கொண்டு வெளியில வருவார்."

அந்தப் படத்துக்கு இடைவேளையே கிடையாது, அண்ணா. வெள்ளைக்காரன் இடைவேளை வைத்துப் படம் எடுக்கவில்லை. நம் ஆட்களுக்கு நடுவில் வடை வேண்டும் என்று நீங்கள் வைத்த இடைவேளை அது. கிழவரின் கழுதை கடைசி வேலியைத் தாண்டுகிற இடத்தில், வாத்தியம் பெரிதாக எழும்புகிற இடத்தில் நிறுத்துவீர்களாம். மூன்று தடவையும் அங்கேதான். அதன்பிறகு கடைசிக் காட்சி வரை நடந்த ஒன்றையும் நீங்கள் பார்த்ததில்லை. கேத்திலைத்தான் பார்த்தீர்கள்.

அவர் ஏன் திரும்பி வருகிறார் என்று இங்கே பெரிய சண்டை. படம் காரணம் சொல்லவில்லை. ஓடையில் கழுதை தண்ணீர் குடிக்கிறது. கமரா தண்ணீரை மட்டும் காட்டுகிறது. தண்ணீரில் நிழல் திரும்புகிறது. அடுத்த காட்சியில் அவர் தெருவில் நிற்கிறார்.

மகாதேவன் அங்கிள் சொன்னார்: "அது கழுதையின்ர வேலை. கூட வந்த கழுதையளை எல்லாம் அந்த ஊரிலதானே வித்தவர்? கூட்டத்தை விட்டிட்டு அது போகாது. அதுதான் திரும்பினது. இவர் சும்மா மேல இருந்தவர்."

"போங்கோ அங்கிள், அந்த மனுசன் கோப்பிக் கேத்திலை மறந்து விட்டிட்டுப் போனவர்" என்றா அன்ரி. "அதை எடுக்க வந்த இடத்தில வாயை விட்டிட்டார். எங்கட வீட்டுக்காரரும் உப்பிடித்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அருந்தவன் வீட்டுக்குப் போனேன்.

ஒரு அறையில் மூன்று பேர். மாக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி, அறையில் இருந்த ஒரே கதிரையை எனக்குத் தந்துவிட்டுக் கட்டிலில் இருந்தான். "அக்கா, என்னால ஒருதருக்கும் பிரச்சினை வேண்டாம். நான் ஓடினனான் எண்டே எழுதட்டும். கோபப்படாம இருந்தா வேற இடத்திலயாவது வேலை தருவாங்கள்" என்றான்.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்கு மண்டை வெடிக்கிறது. உடைந்தது அவன் கை. மன்னிப்புக் கேட்பதும் அவன்.

நீங்கள் சொன்னபடி எல்லோரோடும் பேசினேன். வியட்நாமியர்களோடும் பேசினேன். கதவு பழுது என்று எல்லோருக்கும் தெரியும். மனேஜருக்கு அது தெரியும் என்று சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். வெள்ளிக்கிழமை பாதுகாப்புக் கூட்டம் என்று பீட்சா வாங்கித் தந்தார்கள். சுவரில் தமிழிலும் ஒரு புதுப் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள்: 'உங்கள் பாதுகாப்பு உங்கள் கையில்.' உடைந்த கைக்கு அது பதில்.

படத்தைப் பாருங்கள். இந்தத் தடவை குசினிக்குப் போகாமல்.

வினுஷா

*

வென்ட்வொர்த்வில்
10 ஜூன் 2025

வினுஷா,

பார்த்தேன்.

நேற்று பொது விடுமுறை இல்லையா, வர்ஷாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, எழுந்திருக்காமல், டீகூடக் குடிக்காமல் பார்த்தேன். நீ சொன்னது சரி. இரஞ்சிதம் அம்மா சொன்னதும் சரி. கடைசிக் காட்சி தவிர, அந்த வேலிக்குப் பிறகு வந்தது முழுக்க எனக்குப் புதுப் படம். இத்தனை வருஷம் எத்தனை பேரிடம் இந்தப் படத்தைப் பற்றி வாய் கிழியப் பேசியிருக்கிறேன்! அந்த பூட்ஸை நான் பார்த்திருக்கிறேன். கைதியுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வர்ஷாவிடம் சொன்னேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை: "அப்பா, தே ஆர் ஹிஸ் பூட்ஸ். ஆப்வியஸ்லி."

ஓடைக் காட்சியைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தேன். மகாதேவன் சார் கட்சிதான் நான். கடிவாளம் தளர்ந்து கிடக்கிறது, தண்ணீரில் தெரிகிறது. முதலில் திரும்புவது கழுதையின் காது. பிறகு கழுத்து. அதற்குப் பிறகுதான் மனிதனின் தொப்பி. அவர் முடிவெடுத்துத் திரும்பவில்லை, வினுஷா. அது கொண்டுபோய் விட்டது. இவ்வளவு பெரிய விஷயத்தைப் படமாக எடுத்தவர் அதை மட்டும் ஏன் இப்படி மறைத்துக் காட்டினார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

கதவு விஷயம். ஆமா, மேனேஜரிடம் சொன்னேன். ஒருமுறை சிகரெட் பெஞ்சில். இன்னொருமுறை என் கார் ரிப்பேரில் இருந்தபோது அவர் என்னை அங்கே டார்னெய்டில் இருந்த என் வீடுவரை கொண்டுவந்து விட்டாரே, அப்போது. "சென்சார்ல ஐஸ் புடிக்குது, ஒருநாள் யார் தலைலயாவது இறங்கும்" என்றேன். "நெக்ஸ்ட் பட்ஜெட், மேட்" என்றார். பேச்சுவாக்கில் சொன்னது. அவர் மறுத்தால் என் வார்த்தைக்கு என்ன மதிப்பு? இரண்டு பேர் காரில் பேசிக்கொண்டதை யார் நம்புவார்கள்?

உனக்குத் தெரியாததில்லை. இங்கே நான் இருப்பதும் அதே முதலாளியின் கிடங்குதான். அந்த மேனேஜர் மாதம் ஒருமுறை இங்கும் வருகிறார். கை குலுக்குகிறார். வர்ஷாவின் பெயர் சொல்லி விசாரிக்கிறார்.

முரளி

*

டண்டினொங்
12 ஜூன் 2025

முரளி அண்ணா,

கடிவாளம் தளர்ந்து கிடக்கவில்லை. கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறது. நானும் நிறுத்திப் பார்த்தேன். தளர்ந்து தொங்குவது சுற்றியது போக மிஞ்சிய வார். காது திரும்பியது முதலில்தான், ஒத்துக்கொள்கிறேன். கழுதையின் காது ஏன் திரும்பும்? மேலே இருப்பவன் வாரை இழுத்தால் திரும்பும். அல்லது அவன் ஏதாவது சொன்னால் திரும்பும். அந்த இடத்தில் சத்தமே இல்லை, கவனித்தீர்களா? தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. அவர் ஏதோ சொல்லியிருக்கிறார், நமக்குக் கேட்கவிடவில்லை. என்ன சொல்லியிருப்பார் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

இதில் உங்களோடு ஒரு மாதம் சண்டை பிடிக்க எனக்கு ஆசைதான். நீங்கள் போனபிறகு இப்படிப் பேச இங்கே ஆளில்லை. ஆனால் நீங்கள் கழுதை பற்றி ஒரு பந்தி எழுதிவிட்டு, அதற்குக் கீழே, ஏதோ மறந்துபோனதைச் சொல்வதுபோல, "சொன்னேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். சிகரெட் பெஞ்ச். கார். 'நெக்ஸ்ட் பட்ஜெட், மேட்.' எல்லாம் இருக்கிறது. அதை எனக்கு எழுதி என்ன பயன்? எனக்கு ஏற்கனவே தெரியும்.

உங்கள் வார்த்தைக்கு மதிப்பில்லை என்கிறீர்கள். நீங்கள் திறமை அடிப்படையிலான விசாவில் வந்தவர். பட்டம், அனுபவக் கடிதம், குடியுரிமை எல்லாம் இருக்கிறது. உங்களுடைய வார்த்தைக்கே மதிப்பில்லையென்றால் அருந்தவனுடைய வார்த்தைக்கு? நீங்கள் பயப்படுவது ஒரு கை குலுக்கலுக்கு. அவன் பயப்படுவது நாட்டைவிட்டு அனுப்புவதற்கு. இரண்டையும் பயம் என்ற ஒரே சொல்லால் சொல்லாதீர்கள்.

வருகிற வியாழன் காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் மேல்மாடி அறையில் எல்லோரையும் வைத்துக் கேட்பார். முந்தைய பிரதிநிதி யார் என்று கேட்டார். உங்கள் பெயரையும் நம்பரையும் கொடுத்தேன். அங்கிருந்தே உங்களை அழைப்பார்.

வினுஷா

*

வென்ட்வொர்த்வில்
15 ஜூன் 2025

வினுஷா,

நம்பரைக் கொடுக்கும் முன்பு என்னைக் கேட்டிருக்கலாம்.

நீயும் நானும் ஓடையில் திரும்பியது பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கிழவர் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று யோசித்தாயா? எரித்தவன்தான் அவருடைய கழுதைகளையெல்லாம் வாங்கியவன். அவனைக் காட்டிக்கொடுத்தால் அந்தப் பக்கத்தில் இனி ஒருத்தனும் அவரிடம் கழுதை வாங்கமாட்டான். சொல்லிவிட்டார், சரி. அதற்குப் பிறகு? அந்தக் காலோடு அவர் எங்கே போவார், என்ன செய்வார், யார் சோறு போடுவார்கள்? படம் அதைக் காட்டவில்லை. பூட்ஸைக் காட்டிவிட்டு முடித்துவிட்டது. தியேட்டரில் இருப்பவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஒரு பார்வையாளராகக் கேட்கிறேன், உனக்குப் பதில் தெரிந்தால் சொல்.

என்னைத் தவறாக நினைக்காதே. வியாழக்கிழமை எனக்குக் காலையில் மீட்டிங் இருக்கிறது. பார்க்கலாம்.

மு.

*

டண்டினொங்
22 ஜூன் 2025

முரளி அண்ணா,

நடந்ததைச் சொல்கிறேன்.

நீள மேசை. ஒரு பக்கம் மனேஜரும் கம்பெனி வக்கீலும். மறுபக்கம் நானும் அருந்தவனும். அவன் மாக்கட்டுக்கு மேலே வெள்ளைச் சட்டையின் கையை இழுத்து மூட முயன்றுகொண்டே இருந்தான், அது மேலே ஏறிக்கொண்டே இருந்தது. இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரில் போட்டு உங்களை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு உங்கள் குரல், "முரளி ஹியர், ப்ளீஸ் லீவ் எ மெசேஜ்," பின்னால் வர்ஷா சிரிக்கிற சத்தம். அவர் இன்னொரு தடவை அழைத்தார். மறுபடியும் வர்ஷா சிரித்தாள். மனேஜர் எல்லோருக்கும் கோப்பி ஊற்றினார். அருந்தவனுக்கும் ஊற்றினார். அவன் "தாங்க்யூ சேர்" என்றான்.

நான் அந்தப் பச்சை வெஸ்ட்டைத்தான் போட்டிருந்தேன். அதன் கழுத்துப் பட்டியின் உள்பக்கத்தில் இன்னும் உங்கள் பெயர் கறுப்பு மையில் இருக்கிறது. கழுவினால் போகவில்லை.

"அவர் சொன்னதாக நீதான் சொல்கிறாய், அவர் சொல்லவில்லையே" என்று வக்கீல் மெதுவாகக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நீங்கள் எனக்கு எழுதியதைக் காட்டலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். காட்டவில்லை. உங்கள் வாயால் வரவேண்டியதை நான் திருடிக் கொடுக்க விரும்பவில்லை. அது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் தெரியாது. அருந்தவனுக்கு இதைச் சொல்லவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் புதன்கிழமை வரை தள்ளிவைத்திருக்கிறார். அதோடு முடித்துவிடுவாராம்.

வீட்டுக்கு வந்து, ஏன் என்று தெரியாமல், திரைப்பட வட்டத்தின் பக்கத்தைத் திறந்தேன். உங்கள் கருத்து மாறியிருக்கிறது. 'திரும்பிப் பார்க்கவில்லை' என்ற வரி இல்லை. அந்த இடத்தில் புதிதாக எழுதியிருக்கிறீர்கள்: "கிழவர் திரும்பி வருகிறார். திரும்பி வந்து உண்மையைச் சொல்வதுதான் ஒரு நல்ல ஆசானின் கடைசிப் பாடம்." திருத்திய நேரம் பக்கத்திலேயே இருக்கிறது. வியாழக்கிழமை காலை, பத்து மணி தாண்டி. உங்கள் மீட்டிங் அதுவா? அங்கே உங்கள் போன் அடித்துக்கொண்டிருந்தபோது இதையா எழுதிக்கொண்டிருந்தீர்கள்?

எனக்குக் கோபத்தைவிட அதிசயமாகத்தான் இருக்கிறது. ஒரு மனிதனால் எப்படி இது முடிகிறது என்று. இரஞ்சிதம் அன்ரி அதற்குக் கீழே 'அருமை' என்று எழுதியிருக்கிறா.

நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. சொன்னபிறகு கிழவருக்கு யார் சோறு போடுவார்கள் என்று படத்திலும் இல்லை, இங்கேயும் எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை ஒருவரும் போடமாட்டார்கள். ஆனால் அவர் சொல்லாமல் போயிருந்தால் சிறைக்குள் இருந்தவனுக்கு என்ன நடந்திருக்கும் என்று நமக்கு நிச்சயமாகத் தெரியும். கயிறு ஏற்கனவே மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இடைவேளைக்கு முன்னாலேயே காட்டிவிட்டார்கள். அதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

அவர் திரும்பினாரா, கழுதை திரும்பியதா என்று இனி நான் கேட்கப்போவதில்லை. கழுதை கொண்டுவந்து விட்டதென்றே வைத்துக்கொள்ளுங்கள். கேத்திலை எடுக்க வந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் மறுபடியும் அழைப்பார். அருந்தவன் எனக்குப் பக்கத்தில் இருப்பான்.

கருத்தைத் திருத்தியது போதும். போனை எடுங்கள்.

வினுஷா